முதலில் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் எடிசன் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். இந்த வருடம் சீனியர் வகுப்புக்கு, அதாவது பள்ளியின் கடைசி வருடமான பன்னிரண்டாம் வகுப்புக்கு, என்னை அட்வைசராகப் போட்டுவிட்டார்கள். ஜூன் முதல் வாரம் பிராம். மண்டபம், சாப்பாடு, டிஜே எல்லாம் சமாளித்துவிடுவேன். பிராம் கோர்ட் தேர்தல்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. போன வருடம், யாரிடமும் அதிகம் பேசாத ஒரு பெண்ணைக் கேலிக்காகவே பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அவள் பிராமுக்கே வரவில்லை. ஓட்டு எண்ணியதில் தில்லுமுல்லு என்று ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். இந்த வருடம் சில பிள்ளைகள் வந்து ராஜா, ராணி என்ற பட்டமே வேண்டாம் என்கிறார்கள். முதல்வரோ ‘வழக்கம்போல நடத்துங்கள்’ என்கிறார். அந்த வழக்கம் என்னவென்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இதற்கெல்லாம் மேலே, என் மகளும் இதே பள்ளியில் சீனியர். அவள் பெயரும் வரும் என்று தோழிகள் சொல்கிறார்கள். பிராம் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தவள் நான். இதை எப்படி நடத்துவது? நடத்தத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடத்துங்கள். பிள்ளைகள் அதை ஆசையாக எதிர்பார்க்கிறார்கள், ஒழுங்காக நடத்தவும் முடியும். மாணவர் நிகழ்ச்சிகளைக் கவனிக்கிற வேலையிலும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலையிலும் இருந்து நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: இந்தத் தேர்தல் நல்லபடியாக முடிவதும் யாரோ ஒரு பிள்ளையைக் காயப்படுத்தி முடிவதும் பெரும்பாலும் பெரியவர்கள் முன்கூட்டியே செய்து வைக்கும் ஏற்பாட்டைப் பொறுத்ததுதான்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பிராம் என்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் படிப்பு முடியும் தறுவாயில் நடக்கும் நடன விருந்து. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்லூரிகளில் தொடங்கி, அப்புறம் பள்ளிகளுக்கு வந்தது. சக மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் சிலரை அன்று இரவு மேடையேற்றி, அவர்களில் இருவருக்குக் கிரீடம் வைப்பார்கள். அந்தச் சிறு குழுதான் பிராம் கோர்ட். இதில் பதவியும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனாலும் பதினேழு வயதில், தன்னோடு படித்தவர்கள் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம். கேலி செய்வதற்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியவந்தால் அந்த வலி அதைவிடப் பெரியது.

பிராம் கோர்ட் என்றதும் எல்லோரும் ஓட்டு எண்ணிக்கையை நினைத்துத்தான் பதறுகிறார்கள். எண்ணிக்கையைச் சரிசெய்வது சுலபம், அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். உண்மையான சேதம் நடப்பது அதற்கு முன்னால், ஒரு பெயர் பட்டியலில் ஏறுகிற நேரத்தில். போன வருடம் உங்கள் பள்ளியில் நடந்ததும் அதுதான். அந்தப் பெண்ணின் பெயர் ஊரறிய வந்த பிறகு எத்தனை நேர்மையாக எண்ணியிருந்தாலும் அவளுக்கு என்ன பயன்? ஆகவே, இந்தத் தேர்தலுக்கு நீங்கள் ஒதுக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் முன்மொழிவுக்கே கொடுங்கள்.

2012 செப்டம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிறிய ஊரில் நடந்ததை நீங்கள் படித்திருக்கலாம். ஹோம்கமிங் என்பது இலையுதிர் காலத்தில் பள்ளியின் ஃபுட்பால் ஆட்டத்தோடு சேர்ந்து நடக்கும் விழா, அதற்கும் இப்படி ஒரு கோர்ட் உண்டு. அந்தக் கோர்ட்டுக்குப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது கேலிக்காகச் செய்தது என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளோடு தேர்வான பையன் விலகிக்கொண்டான். செய்தி பரவியதும் ஊரே அவள் பக்கம் திரண்டது. உடை, சிகை அலங்காரம் எல்லாவற்றையும் உள்ளூர்க் கடைக்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள். அவளும் தைரியமாக மைதானத்துக்கு வந்து நின்றாள். இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஊராரின் நல்ல மனசைப் பாராட்டி முடித்துவிடுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் உங்கள் பள்ளிப் பெண்ணுக்காக ஊர் திரளவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் திரளாது. ஊர் திரள வேண்டிய நிலைமையே வராதபடி செய்வதுதான் நம் வேலை.

அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இது. ஓட்டு ரகசியமாக இருக்கட்டும், முன்மொழிவு ரகசியமாக இருக்க வேண்டாம். பள்ளி மின்னஞ்சல் கணக்கில் நுழைந்தால் மட்டும் திறக்கிற மாதிரி ஒரு கூகுள் ஃபார்ம் போடுங்கள். ஒவ்வொரு மாணவரும் மூன்று பெயர் வரை முன்மொழியலாம். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். முன்மொழிகிறவரின் பெயரும் பதிவாகும். அதை இரண்டு பெரியவர்கள் மட்டும் பார்ப்பார்கள், கேலி என்று தெரிந்தால் தவிர வேறு யாருக்கும் காட்ட மாட்டோம் என்று படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கேலி முன்மொழிவு பெயர் தெரியாத இடத்தில்தான் வளரும். தன் பெயரைப் போட்டு, காரணமும் எழுத வேண்டும் என்றாலே பாதிப் பேருக்கு அந்த விளையாட்டில் ஆர்வம் போய்விடும். மீதி இருப்பதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. அடுத்தடுத்த நிமிடங்களில் ஒரே பெயர் இருபது முறை வந்திருக்கும், காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே வாசகமோ சிரிப்புப் பொம்மையோ இருக்கும். அதே சமயம், ‘பஸ்ஸில் தனியாக இருந்தபோது என்னோடு பேசிய முதல் ஆள்’ என்கிற மாதிரி ஒரு வரி வந்தால் அது உண்மையான முன்மொழிவு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

முன்மொழிவு முடிந்ததும் மேலே வந்திருக்கும் பதினைந்து பேர் வரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை ஒட்டாதீர்கள், ஒலிபெருக்கியில் படிக்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நீங்களே கேட்க வேண்டும் என்றில்லை, அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான கவுன்சிலர் (பள்ளியின் மாணவர் ஆலோசகர்) கேட்டால் இன்னும் நல்லது. ‘உன்னோடு படிக்கிறவர்கள் உன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். நிற்க விருப்பமா? வேண்டாம் என்றால் நமக்குள்ளேயே இருக்கும், இரண்டு நாள் யோசித்துச் சொல்’ என்பது போதும். எத்தனை பேர் முன்மொழிந்தார்கள் என்ற எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம். வந்திருக்கும் காரணங்களில் நல்லதாக ஒன்றை, எழுதியவர் பெயர் இல்லாமல் வாசித்துக் காட்டுங்கள். கோர்ட்டுக்கு வராமல் போனாலும் அந்த ஒரு வரியைப் பிள்ளைகள் ரொம்ப நாள் மறக்க மாட்டார்கள்.

கஷ்டமான கட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர் கேலிக்காக வந்திருப்பது உங்களுக்குத் தெரிகிறது. அவளுக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேட்டால் சந்தோஷமாகச் சரி என்றுகூடச் சொல்லிவிடலாம். என்ன செய்வது? சில பள்ளிகளில் சத்தமில்லாமல் பெயரை நீக்கிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேலி செய்தவர்களின் பெயரைப் பதிவில் வைத்துக்கொண்டு, அவர்களை விட்டுவிட்டு, அவளுடைய வாய்ப்பை மட்டும் எடுத்துவிடுகிறோம் என்றாகிறது. நான் செய்யச் சொல்வது இது: கேலியாக வந்த முன்மொழிவுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். உண்மையானவையே அவளைப் பட்டியலுக்குள் கொண்டுவந்தால் அவள் எல்லோரையும் போல நிற்கட்டும். வராவிட்டால் அவள் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். இரண்டிலுமே, நடந்ததை அவளிடமும் பெற்றோரிடமும் கவுன்சிலர் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மறைத்தால், அதே கேலிக்காரர்கள் வாயிலிருந்து அவளே கேட்டுத் தெரிந்துகொள்வாள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கேலி செய்தவர்கள் விஷயத்தில் உங்களுக்குத் தனியாக முடிவெடுக்கும் பொறுப்பு இல்லை, உரிமையும் இல்லை. நியூஜெர்சியில் 2011 முதல் நடைமுறையில் இருக்கும் கொடுமைப்படுத்தல் எதிர்ப்புச் சட்டத்தின்படி, இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே முதல்வரிடம் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், இரண்டு பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரிப்பதற்கென்றே ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆன்டி-புல்லியிங் ஸ்பெஷலிஸ்ட் இருப்பார். முன்மொழிவு தொடங்கும் முன்பே அவரைப் போய்ப் பார்த்து, படிவத்தைக் காட்டி வையுங்கள். ‘இது ஜோக்தான் மிஸ்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதை அவர் முடிவு செய்யட்டும்.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் உண்டு. சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையை நல்லெண்ணத்தோடு எல்லோரும் முன்மொழிவார்கள். நிஜமான நட்பினால் வருவது நிறைய, அதைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளையிடமும் அதே கேள்வியை அதே மரியாதையோடு கேட்க வேண்டும். கூட்டம், இரைச்சல், பளிச்சென்று அடிக்கும் விளக்கு எல்லாம் அவனுக்கு ஒத்துவருமா என்று வீட்டாரையும் கேட்க வேண்டும். ஜெயித்தால், பள்ளியின் சமூக ஊடகக் கணக்கில் கண்ணீர் வரவழைக்கும் வீடியோ போடும் ஆசை யாருக்காவது வரும். அனுமதி இல்லாமல் போடவே கூடாது. அவன் வகுப்பில் ஒருவனாக ஜெயித்திருக்கிறான். அந்தச் சந்தோஷம் அவனுடையதாகவே இருக்கட்டும்.

அடுத்து, யார் நிற்கலாம் என்ற தகுதி. இதில் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்தால் விதி வளர்ந்துகொண்டே போகும். இத்தனை மதிப்பெண் வேண்டும், சஸ்பெண்ட் ஆகியிருக்கக் கூடாது, லேட்டாக வந்திருக்கக் கூடாது என்பார்கள். ஒரே விதி வையுங்கள்: பிராமுக்கு வர அனுமதி உள்ள எந்த சீனியரும் நிற்கலாம். காரணம் சொல்கிறேன். எல்லோரும் எதிர்பார்த்த ஒரு பெயர் பட்டியலில் இல்லாமல் போனால், பையன் கணக்கில் தவறிவிட்டான் போல, ஏதோ பிரச்சினையில் மாட்டியிருக்கிறான் போல என்று மதிய உணவு முடிவதற்குள் பள்ளி முழுக்கப் பேச்சாகிவிடும். பிள்ளையின் கல்விப் பதிவில் உள்ளதை வெளியே விடக்கூடாது என்று 1974 முதல் ஃபெர்பா என்ற மத்தியச் சட்டம் இருக்கிறது. காகிதத்தைக் காட்டாமலே, வெறும் பட்டியலை வைத்தே அதை நாம் வெளியே சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

டிக்கெட் வாங்கியவர்கள்தான் நிற்கலாம், அவர்கள்தான் ஓட்டுப் போடலாம் என்று சில பள்ளிகளில் உண்டு. எனக்குப் பிடிக்காத விதி. நியூஜெர்சியில் பிராம் பெரும்பாலும் வெளியே கல்யாண மண்டபம் மாதிரி இடங்களில் நடக்கிறது. டிக்கெட், உடை, கார் என்று சேர்த்தால் பல வீடுகளுக்கு அது பெரிய செலவு. ஓட்டு சீனியர் வகுப்பு முழுவதற்கும் இருக்கட்டும். கோர்ட்டில் வந்த பிள்ளைக்குக் காசு பிரச்சினை என்றால், வகுப்பு நிதியிலிருந்து டிக்கெட்டுக்கு யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு செய்ய முடியுமா என்று முதல்வரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பாதி நாள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தொழிற்பள்ளிக்குப் போகிற பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். மதிய வேளையில் மட்டும் ஓட்டு என்றால் அவர்கள் பள்ளியிலேயே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அலுவலகத்தில் காலையிலேயே ஓட்டுச் சீட்டு வைத்துவிடலாம்.

இனி பட்டம். ராஜா, ராணி வேண்டாம் என்று உங்களிடம் வந்து பேசிய பிள்ளைகளுக்கு நன்றி சொல்லுங்கள். சண்டை போடாமல் முன்கூட்டியே வந்து பேசியிருக்கிறார்கள். என் யோசனை, ஆண் பட்டியல், பெண் பட்டியல் என்று பிரிக்காமல், சம்மதித்தவர்களில் பத்துப் பேர் கொண்ட ஒரே பட்டியல். அதிக ஓட்டு வாங்கும் இருவருக்குக் கிரீடம். தனக்கு ராஜா என்ற பட்டமா, ராணியா, இரண்டும் இல்லாமல் ‘அரச குடும்பத்தார்’ என்ற பொருளில் பொதுவாக ‘பிராம் ராயல்டி’யா என்பதை அந்தப் பிள்ளையே சம்மதப் படிவத்தில் எழுதிக் கொடுக்கட்டும். ராணி ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட பெண்ணுக்கும் இதில் இடம் இருக்கிறது. இரண்டு பெண்களோ இரண்டு பையன்களோ ஜெயிக்கலாம் என்பதை முதல்வர் இப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு தயங்குவது அநியாயம். 2011இல் சான் டியேகோவின் பேட்ரிக் ஹென்றி உயர்நிலைப் பள்ளியில் காதலர்களான இரண்டு மாணவிகளை ஹோம்கமிங் ராஜாவாகவும் ராணியாகவும் மாணவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நியூஜெர்சியின் பாகுபாடு தடைச் சட்டம் பாலின அடையாளத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே இதில் முதல்வருக்குத் தயக்கம் இருந்தால் பள்ளிகளை நிர்வகிக்கும் கல்வி மாவட்டத்தின் வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

‘வழக்கம்போல’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். மிசிசிப்பியின் நெட்டில்டன் ஊர் நடுநிலைப் பள்ளியில், வகுப்புத் தலைவர் பதவிக்கு வெள்ளைப் பிள்ளைகள்தான் நிற்கலாம், வேறு சில பதவிகளுக்குக் கறுப்பினப் பிள்ளைகள்தான் நிற்கலாம் என்று ஒரு விதி 2010 வரை இருந்தது. இரு தரப்புக்கும் இடம் கிடைக்கட்டும் என்று எப்போதோ செய்த ஏற்பாடு. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தாய் கேள்வி கேட்ட பிறகுதான் நீக்கினார்கள். ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் நடந்தது இன்னும் வருத்தமானது. ஒரு கறுப்பினப் பெண் ஹோம்கமிங் ராணியாகத் தேர்வானாள். ஆனால் அந்த ஊரில் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பெற்றோர் தனித்தனியாகத்தான் நடன விருந்து நடத்தி வந்தார்கள். ராஜாவாகத் தேர்வான வெள்ளைப் பையன் போன விருந்துக்கு அவளுக்கு அழைப்பில்லை. 2013 வசந்தத்தில் அவளும் அவளுடைய தோழிகளும், கறுப்பினப் பெண்களும் வெள்ளைப் பெண்களுமாகச் சேர்ந்து, பணம் திரட்டி, எல்லோருக்குமான பிராமைத் தாங்களே நடத்திக் காட்டினார்கள். மேடையில் யார் நிற்கலாம் என்பதற்காக இந்த நாட்டில் பிள்ளைகள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அதனால்தான், உங்கள் பள்ளியில் ‘இந்தியப் பிள்ளை ஒன்று, ஸ்பானிஷ் பேசும் பிள்ளை ஒன்று’ என்று நல்ல மனசோடு யாராவது ஒதுக்கீடு பேசினாலும் வேண்டாம் என்கிறேன். பத்துப் பேருக்கு இடம் விட்டு, ஓட்டு முறையையும் சரியாக வைத்தால் வகுப்பின் எல்லா முகங்களும் மேடைக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு.

ஓட்டு முறையில் பெரும்பாலான பள்ளிகள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு, பத்துப் பெயர், ஓட்டுப் போடுகிறவர்கள் 300 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடலாம். மீதி 255 பேர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நெருக்கமான ஒரு குழு சேர்ந்து ஒரே பெயருக்குப் போட்டாலே போதும் என்று ஆகிறது. எல்லோரோடும் நன்றாகப் பழகுகிற பிள்ளைகள் ஓட்டைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு தோற்பார்கள். இதற்கு மாற்று எளிது: பிடித்த எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் டிக் போடலாம் என்று சொல்லிவிடுங்கள். அதிக டிக் வாங்கியவர்தான் வகுப்பில் அதிகம் பேருக்குப் பிடித்தவர். இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இருப்பது போல 1, 2, 3 என்று வரிசை போடச் சொல்வதும் நல்ல முறைதான். ஆனால் அதைக் கையால் எண்ணுவது சிரமம், பிள்ளைகளுக்கு விளக்குவதும் சிரமம். பெயர்களை அகரவரிசையில் மட்டும் அச்சடிக்காதீர்கள். மேலே இருக்கும் பெயருக்கு அந்த இடமே கொஞ்சம் ஓட்டு வாங்கிக் கொடுக்கும். நான்கைந்து விதமாக வரிசை மாற்றி அச்சடித்துக் கலந்துவிடுங்கள்.

பிரசாரம் முழுவதும் வேண்டாம். போஸ்டர் கூடாது, சாக்லேட் கூடாது. கொள்கையும் வாக்குறுதியும் இல்லாத தேர்தலில் பிரசாரம் செய்தால் தெரிவது வீட்டின் வசதி மட்டும்தான். பெற்றோருக்கும் இதைத் தனியாக எழுதி அனுப்புங்கள். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘நம்ம பொண்ணு நிற்கிறாள், எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்தக் குழுவில் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

இறுதி ஓட்டுக்கு நான் காகிதத்தைத்தான் சொல்வேன். பிராமுக்கு முந்தைய வாரம், இரண்டு நாள், மதிய உணவு வேளையில் ஒரு மேசை. வகுப்புப் பட்டியலில் பெயருக்கு நேரே டிக் செய்துவிட்டு ஒரு சீட்டுக் கொடுங்கள். மூடிய பெட்டியில் போடட்டும். இரண்டு நாளுக்கு நடுவே பெட்டி முதல்வர் அறையில் பூட்டி இருக்கட்டும். எண்ணுவதற்கு இரண்டு பெரியவர்கள். சீனியர் வகுப்பில் அவர்களுக்குப் பிள்ளைகளோ உறவோ இருக்கக் கூடாது. எண்ணி முடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, சீட்டுகளை உறையில் ஒட்டி, பள்ளி முடியும் வரை வைத்திருங்கள். புகார் இருந்தால் இரண்டு பள்ளி நாட்களுக்குள் துணை முதல்வரிடம் எழுத்தில் கொடுக்கலாம், வேறு இருவர் மறுபடி எண்ணுவார்கள் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். சமமாக வந்தால் குலுக்கல் வேண்டாம். கிரீடம் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள், சமமாக வந்தவர்கள் எல்லோருக்கும் வைத்துவிடலாம்.

இணையத்தில் ஓட்டு நடத்தக் கூடாது என்று இல்லை. ஆனால் புளோரிடாவில் பென்சகோலா பக்கத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். 2020 அக்டோபரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஹோம்கமிங் தேர்தலில், கொஞ்ச நேரத்துக்குள் ஒரே இணைய முகவரியிலிருந்து 117 ஓட்டுகள் வந்திருப்பதைத் தேர்தல் மென்பொருள் காட்டிக்கொடுத்தது. 2021 மார்ச்சில் ஒரு மாணவியையும் அவளுடைய தாயையும் கைது செய்தார்கள். அந்தத் தாய் அதே மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் துணை முதல்வர். அவருடைய கணக்கு வழியாக மற்றப் பிள்ளைகளின் விவரங்களை எடுத்து அவர்கள் பெயரில் ஓட்டுப் போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. மாணவர் எண்ணும் பிறந்த தேதியும் இருந்தாலே ஓட்டுப் போட முடிகிற எந்த முறையும் பாதுகாப்பானதில்லை. பள்ளியில் வேலை செய்கிற பலருக்கும் அந்த இரண்டும் கண்ணெதிரில் இருக்கின்றன.

இதைச் சொன்னதும் உங்கள் மகளின் விஷயத்துக்கு வந்துவிட்டோம். நீங்களும் அதே நிலையில் இருக்கும் ஒரு தாய்: மாணவர் விவரங்களைப் பார்க்கிறவர், தேர்தலை நடத்துகிறவர். உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் எவ்வளவு நேர்மையாக நடத்தினாலும், அவள் ஜெயித்தால் ‘அம்மா டீச்சர் ஆச்சே’ என்று அவளைத்தான் சொல்வார்கள். தோற்றால், அம்மா பயந்து ஏதோ செய்துவிட்டாள் என்று அவளே நினைக்கக்கூடும். அதற்காக ‘நீ நிற்காதே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்கு வருடம் இந்தப் பள்ளியில் படித்தவள் அவள். உங்களுக்கு அட்வைசர் வேலை வந்ததால் அவளுடைய வாய்ப்பு போகக் கூடாது. விலக வேண்டியவர் நீங்கள்தான், அதுவும் இந்த ஒரு பகுதியிலிருந்து மட்டும். விதிகளை இப்போதே, எந்தப் பெயரும் வருவதற்கு முன்னால், நீங்களே எழுதுங்கள். அதன் பிறகு முன்மொழிவுப் படிவத்தைத் திறப்பது, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்பது, ஓட்டு மேசை, எண்ணிக்கை எல்லாவற்றையும் சீனியர் வகுப்பில் பிள்ளை இல்லாத வேறொரு ஆசிரியரிடம் எழுத்து மூலமாக ஒப்படைத்துவிடுங்கள். படிவத்தின் உரிமையும் அவருடைய கணக்கிலேயே இருக்கட்டும். முடிவை நீங்களும் மற்றவர்களோடு சேர்ந்து மண்டபத்தில்தான் கேட்க வேண்டும். இதை மகளிடமும் சொல்லிவிடுங்கள். ‘உன் பெயர் வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் மாட்டேன்’ என்று. அவளைக் கூப்பிட்டுக் கேட்டால், நிற்பதா வேண்டாமா என்று உங்கள் முகத்தைப் பார்க்காமல் அவளே முடிவெடுக்கலாம்.

பிராம் இரவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுக் கணக்கை மேடையில் சொல்லக் கூடாது, இரண்டாம் இடம் என்று யாரையும் அறிவிக்கக் கூடாது. பத்துப் பேரையும் கூப்பிட்டு, இருவருக்குக் கிரீடம் வைத்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். ஹிஜாபும் தலைப்பாகையும் கட்டுகிற பிள்ளைகளிடம் கிரீடம் வேண்டுமா, தோளில் போடும் பட்டை போதுமா என்று முன்பே கேட்டு வைக்கலாம். கிரீடம் வாங்கிய இருவரும் உடனே சேர்ந்து ஆட வேண்டும் என்ற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒருவரையொருவர் சரியாகத் தெரியாத இரண்டு பிள்ளைகளை எல்லோர் கண் முன்னாலும் கட்டிப்பிடித்து ஆடச் சொல்வது எனக்கு என்றைக்கும் சரியாகப் பட்டதில்லை. வேண்டுமென்றால் பத்துப் பேரும் தங்கள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஆடட்டும். டிஜேக்குப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெயரைத் தானே சொல்லிப் போனில் பதிவு செய்யச் சொல்லி அதை அனுப்பிவையுங்கள். தமிழ்ப் பெயர், நைஜீரியப் பெயர், போலிஷ் பெயர் எல்லாம் உள்ள வகுப்பு. பன்னிரண்டு வருடமாகத் தப்பாகக் கூப்பிடப்பட்ட பெயரை அன்று ஒரு நாளாவது சரியாகக் கூப்பிட வேண்டும்.

நாட்கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாதம் முதல் இரண்டு வாரம் கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களின் பரீட்சைகள், அப்போது யாருக்கும் எதிலும் மனசு இருக்காது. ஆகவே முன்மொழிவை ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் முடித்துவிட்டு, பிள்ளைகளிடம் பேசுவதற்கு மே நடுவில் ஒரு வாரம் முழுதாக விடுங்கள். பத்துப் பெயர்களை மெமோரியல் டே (மே கடைசித் திங்கள்கிழமை) விடுமுறைக்கு முன் அறிவித்தால், விடுமுறை முடிந்து வந்ததும் ஓட்டு நடத்தலாம். பக்ரீத்தும் இந்த வருடங்களில் மே, ஜூன் வாக்கில் வருகிறது. ஓட்டு நாளும் பிராம் நாளும் அதில் மோதாமல் பாருங்கள்.

இவ்வளவையும் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, வசந்த விடுமுறைக்கு முன்னால் முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் மறுபடியும் ‘வழக்கம்போல’ என்று ஆரம்பித்தால், போன வருடம் பிராமுக்கு வராமல் போன அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுங்கள். புகார் கொடுத்த பெற்றோரைப் பற்றிப் பேசுவதைவிட அதுதான் அவசியம்.